மஞ்சள் தொப்பி போகாத இடம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு வண்டி வாடையே ஆகாது. தெரு முனையில பஸ் திரும்புற சத்தம் கேட்டாலே வயித்தைப் பிடிச்சுக்குவாரு. அப்பேர்ப்பட்ட மனுஷன் பார்க்கிற வேலை என்னன்னா, ஊர் சுத்த வந்தவங்களை இன்னும் தூரமா அனுப்பி வைக்கிறது. எந்த அருவிக்கு எந்தப் பக்கமா ஏறணும், எந்தப் பாலத்துல பெரிய வண்டி போகாது, எந்தப் படகுக்காரன் மதியத்துக்கு மேல குடிச்சிட்டுப் படுத்துடுவான், எல்லாம் அத்தானுக்கு அத்துப்படி. அதுல ஒண்ணையும் கண்ணால பார்த்ததில்ல. எல்லாம் போன்ல விசாரிச்சதுதான்.

அதே ஆபீஸ்ல பக்கத்து மேசையில நான் டிக்கெட் போடுறேன். எனக்கு மூக்கு மேல கோவம்னு முதலாளி சொல்வாரு. சொல்லிட்டுப் போகட்டும். அந்த ஆபீஸ்ல வேலை பார்த்தா யாருக்கும் வரும்.

கடற்கரைக்குப் போற தெருவுல, செருப்புக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவுல இருக்கு எங்க ஆபீஸ். சுவர் முழுக்க ஒரு வரைபடம், ஈரத்துல உப்பிப் போய்க் கிடக்கும். வாசல்ல ஒரு அட்டைப்பெட்டி நிறைய மஞ்சள் தொப்பி. எங்க ஆளுங்கன்னு டிரைவருக்கும் படகுக்காரனுக்கும் தூரத்துல இருந்தே தெரியணும்ல, அதுக்காக வர்றவங்க தலையில எல்லாம் ஒண்ணை மாட்டித்தான் அனுப்புவோம்.

கடலைப் பார்க்க வர்றவங்க முதல் நாள் கடலைப் பார்ப்பாங்க. மறுநாள் தோல் உரிஞ்சு வந்து நிப்பாங்க, "வேற என்னங்க இருக்கு?"ன்னு. முதலாளிக்குப் பெரிய அருவிகிட்ட சொந்த விடுதி இருக்கு, அங்க அனுப்பணும்பாரு. அத்தான் அதைக் காதுலயே போட்டுக்க மாட்டாரு. "அது எல்லாரும் போற இடங்க. அதுக்கு அப்பால ஒண்ணு இருக்கு. யாருக்கும் தெரியாது"ம்பாரு. எவ்வளவு தூரம்னு கேட்டா, "இன்னும் கொஞ்ச தூரம்தான்." ஆபீஸ்ல அவருக்குப் பேரே கொஞ்சதூரம்னு ஆயிடுச்சு. அட்டைக்கடியோட திரும்பி வந்து கத்துறவங்களை நான்தான் சமாளிக்கணும். "இந்தாளு ஊர் சுத்த அனுப்புறாரா, நாடு கடத்துறாரா?"ன்னு முதலாளி தலையில அடிச்சுக்குவாரு.

அத்தான் ஏன் அப்படி அனுப்பினாருன்னு எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும். எங்க பூனைக்காக.

பூனைங்கிறது என் அக்கா மகன். நடந்தா சத்தமே வராது, அதனால சின்ன வயசுல நான் வச்ச பேரு. கூட்டம்னா அவனுக்கு மூச்சு முட்டும். கல்யாண வீடுன்னா மாடிப்படிக்குக் கீழ தேடினா போதும், அங்கதான் இருப்பான். படிப்பு முடிஞ்சதும் அத்தான் அவனைக் கொண்டு வந்து எங்க ஆபீஸ் வாசல்லயே உட்கார வச்சாரு, தொப்பி கொடுக்கிற வேலைக்கு. முடியலப்பான்னு பல தடவை சொன்னான். "பழகிடும்டா, நாளைக்கு என் நாற்காலியில உட்காரப் போறவன் நீ"ன்னாரு அத்தான். ஒரு நாள் பெரிய கூட்டம் ஒண்ணு வந்து இறங்கிச்சு. பூனை தொப்பிப் பெட்டியை மெதுவா தரையில வச்சுட்டு வெளியே போனான். டீ குடிக்கப் போறான்னு நினைச்சோம். அப்படியே போயிட்டான்.

போலீஸ்ல சொன்னோம். வயசு வந்த பையன், தானா போனவன் தானா வருவான்னாங்க. மழைக்காலம் முடியிற நேரத்துல ஒரே ஒரு தடவை அக்கா போனுக்குக் கூப்பிட்டான். "அம்மா, நான் நல்லா இருக்கேன். இங்க யாரும் வரமாட்டாங்க. தேடாதீங்க." அவ்வளவுதான். பின்னாடி தண்ணி கொட்டுற சத்தம், ஏதோ பறவை கத்துற சத்தம். திருப்பிக் கூப்பிட்டா ஒரு லாரிக்காரர் எடுத்தாரு. வழியில ஒரு பையன் போன் கேட்டான், கொடுத்தேன்னாரு. எந்த வழின்னு கேட்டா, மலை வழின்னாரு. நாடு பூரா மலை. எங்கன்னு போய்த் தேடுறது?

அந்த நாள்ல இருந்து அக்கா போனை விட்டுப் பிரியல. குளிக்கும்போதுகூட பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, குழாய் மேல வச்சுக்கிட்டுத்தான் குளிப்பா. அத்தான் தானே தேடப் போறேன்னு ஒரு தடவை கிளம்பினாரு. மலை ஏறுற ரெண்டாவது வளைவுலயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில போட்டு, அப்புறம் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தோம். அதுக்கப்புறம்தான் இந்தப் புத்தி வந்துச்சு அவருக்கு. யாரும் வராத இடத்துல பையன் இருக்கான். நம்மால போக முடியாது. போறவங்களை அனுப்பினா?

அனுப்பினாரு. சதுப்புக் காட்டுக்கு, வௌவால் குகைக்கு, ஆமை முட்டையிடுற கரைக்கு, பாதி நாள் நடந்தாதான் வர்ற அருவிக்கு. திரும்பி வர்றவங்களைப் பிடிச்சு உட்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, "போட்டோ எடுத்தீங்களா? காட்டுங்களேன்"ம்பாரு. அவங்களும் பூரிச்சுப்போய்க் காட்டுவாங்க. இவரு அருவியைப் பார்க்க மாட்டாரு. அருவிக்கு ஓரத்துல, படம் எடுத்தவங்களுக்கே தெரியாம உள்ள வந்துட்ட ஆளுங்களைப் பார்ப்பாரு. மூட்டை தூக்குறவன், படகு தள்ளுறவன், பாறை மேல குந்தியிருக்கிறவன். விரலால பெருசாக்கிப் பெருசாக்கிப் பார்ப்பாரு. "அருவி மேல என்ன ஆசை உங்களுக்கு"ன்னு ஒருத்தி சிரிச்சா. எனக்கு அவளை அறையலாம் போல இருந்துச்சு. அவ என்ன பாவம் பண்ணினா.

ஒரு தடவை நான் பொறுக்க முடியாம கேட்டேன். "அத்தான், இது வைக்கோல் போருல ஊசி தேடுற மாதிரி இருக்கு. எத்தனை பேரை அனுப்புவீங்க?"

"வேற என்ன செய்யச் சொல்ற?"ன்னாரு. குரல் உடைஞ்சு போச்சு.

அப்புறம்தான் அந்த ரெண்டு டீச்சருங்க வந்தாங்க. மலைக்குப் பின்னாடி ஒரு ஏரி, மூங்கில் தெப்பத்துலதான் அக்கரை போகணும். அங்க போயிட்டு வந்து படம் காட்டினாங்க. தெப்பத்து மேல மஞ்சள் தொப்பி போட்டுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. பின்னாடி ஒருத்தன் கோலை ஊன்றி நிக்கிறான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். கால்சட்டையில ஒரு கால் மட்டும் முட்டி வரைக்கும் சுருட்டியிருந்தான், மறுகால் அப்படியே தொங்குது. அத்தான் போனைக் கையில வச்சுக்கிட்டு அசையவே இல்ல. நான் எட்டிப் பார்த்தேன். நடக்கப் பழகின நாள்ல இருந்து எங்க பூனை அப்படித்தான் சுருட்டுவான். எத்தனை தடவை இறக்கி விட்டிருக்கேன்.

அக்காகிட்ட சொன்னோம். அவ எழுந்து போய் அலமாரியைத் திறந்தா. அவனோட சட்டைங்களை எடுத்து மடிச்சுப் பைக்குள்ள வச்சா.

எங்க ஆபீஸ் டிரைவர் மீசைதான் வண்டி எடுத்தாரு. அத்தான் ஒரு கையில எலுமிச்சம்பழம், மறு கையில பிளாஸ்டிக் பை. வளைவுக்கு வளைவு வாந்தி. கண்ணு ரெண்டும் சிவந்து, உடம்பு துவண்டு போச்சு. "திரும்பிடலாமாங்க?"ன்னாரு மீசை. "நீ ஓட்டு"ன்னாரு அத்தான். அக்கா அவரு முதுகைத் தடவிக்கிட்டே வந்தா. அவ முகத்துல அவ்வளவு நாளுக்கப்புறம் ஒரு வெளிச்சம் பார்த்தேன். எனக்குப் பயமா இருந்துச்சு.

போய்ச் சேர்ந்தா, யாருக்கும் தெரியாத ஏரின்னு அத்தான் சொல்வாரே, அங்க வண்டி நிறுத்த இடம் இல்ல. கரையை வெட்டி விட்டு வேன் நிறுத்தியிருக்காங்க. வரிசையா டீக்கடை, பாட்டில் குப்பை, தெப்பத்துக்கு ஒரு பெரிய வரிசை. அந்த வரிசையில அங்கங்க மஞ்சள் தொப்பி. முந்தின நாள் காலையில நாங்க அனுப்பின கூட்டம். தெப்பம் தள்ளினவன் வேற யாரோ, கிழவன்.

முதல் டீக்கடையில இருந்த அம்மாகிட்ட அக்கா போய் விசாரிச்சா. ஒரு கால் சுருட்டின பையன்னு சொன்னதுமே அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு.

"அவனா? தங்கமான பையனாச்சே. என் கடைத் திண்ணையிலதான் படுத்துப்பான். ஆனா கிளம்பிட்டாம்மா. அந்த மஞ்சத் தொப்பிங்க வர ஆரம்பிச்சதும் முகமே மாறிடுச்சு. இது எங்க அப்பா ஆபீஸ் தொப்பி, இது வந்தா பின்னாடியே ஊரே வந்துடும்னான். இதுக்கு முன்னாடி ஏதோ அருவிகிட்ட இருந்தானாம், அதுக்கு முன்னாடி சதுப்புக் காட்டுல. எங்க போனாலும் இந்தத் தொப்பி வந்துடுதாம்."

அத்தான் எனக்குப் பக்கத்துலதான் நின்னாரு. டீக்கடைக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டாரு. அவரு அனுப்பின ஒவ்வொரு ஆளும் எங்க பூனையை ஒரு அடி அப்பால தள்ளியிருக்காங்க. இத்தனை நாளா எங்க புள்ளையை நாங்களே துரத்திக்கிட்டு இருந்திருக்கோம்.

அக்கா மட்டும் விடல. "நல்லா சாப்பிட்டானா?"ன்னு கேட்டா.

"அதெல்லாம் நல்லா சாப்பிடுவான். சாயங்காலமானா கோலைத் தட்டிக்கிட்டுப் பாடுவான் பாருங்க, கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"பாடுவானா?"

எங்க வீட்டுல அவன் பாடி நாங்க கேட்டதில்ல. அக்கா அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்துட்டா.

எங்க போயிருப்பான்னு நான் கேட்டேன். அந்த அம்மா ஏரிக்குப் பின்னாடி இருக்கிற மலை இடுக்கைக் கையால காட்டினாங்க. ஓடையைப் பிடிச்சு நடந்தா உள்ள ஒரு பள்ளத்தாக்கு இருக்காம், வண்டி போகாதாம். கேட்டதும் அத்தான் முகம் வெளுத்துடுச்சு. ஏன்னா அந்தப் பள்ளத்தாக்கு அவருக்குத் தெரியும். அந்த வரிசையில நிக்கிற மஞ்சள் தொப்பிங்க மறுநாள் காலையில போக வேண்டிய இடம் அதுதான். அவரேதான் ஏற்பாடு பண்ணியிருந்தாரு.

"நடந்துடலாம். பொழுது சாயுறதுக்குள்ள போயிடலாம்"னு கிளம்பினாரு. சட்டையெல்லாம் வாந்தி, ஆனா கிளம்பிட்டாரு. நானும் செருப்பை இறுக்கிக்கிட்டேன். அக்கா எழுந்திருக்கல.

"அந்தப் பள்ளத்தாக்குக்கு அப்பால என்னங்க இருக்கு?"ன்னா.

அத்தான் நின்னாரு.

"சொல்லுங்க. நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே. நாம போய் நின்னு, அவன் அங்கிருந்தும் கிளம்பிட்டா, அடுத்து எங்க போவான்?"

"தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சு அதுதான் கடைசி"ன்னாரு.

"அப்போ போகாதீங்க." அவ குரல்ல அழுகை இல்ல, அதுதான் எனக்குத் தாங்கல. "இப்போ என் புள்ளை எங்க இருக்கான்னாவது எனக்குத் தெரியுது. அதையும் பிடுங்கிடாதீங்க."

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்ல. நேரா போய் அவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வரணும், பெத்தவ இங்க செத்துக்கிட்டு இருக்கா, உனக்கு அங்க பாட்டு கேக்குதான்னு நாலு வார்த்தை கேட்கணும்னு இருந்துச்சு. "நீ சும்மா இரு அக்கா, நான் போறேன்"னேன். அக்கா என் கையைப் பிடிச்சா. அவ்வளவு பலம் அவளுக்கு எங்க இருந்து வந்துச்சோ. நான் அவ பக்கத்துல உட்கார்ந்துட்டேன்.

அத்தான் அந்த மலை இடுக்கை ஒரு தடவை பார்த்தாரு. அப்புறம் திரும்பி நேரா அந்த வரிசைக்குப் போனாரு. எங்க ஆளுங்க அவரை அடையாளம் கண்டுக்கிட்டு, "என்ன சார், நீங்களும் வந்துட்டீங்களா"ன்னு சிரிச்சாங்க. நாளைக்குப் பள்ளத்தாக்கு கிடையாதுங்கன்னாரு. மலை சரிஞ்சிருக்குன்னாரு. இப்பதானே ஒருத்தர் அங்கிருந்து விறகோட வந்தாருன்னாங்க அவங்க. பாம்பு இருக்குன்னாரு. அவங்க விடல. அந்தக் கூட்டத்துல இருந்த பெரியவர் ஒருத்தர் கேட்டுட்டாரு.

"நீங்கதானேங்க சொன்னீங்க, அப்படி ஒரு இடத்தை ஜென்மத்துல பார்க்க மாட்டீங்கன்னு? அதுக்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்?"

"பொய் சொன்னேங்க. நான் அங்க போனதே இல்ல. எங்கேயுமே போனதில்ல"ன்னாரு அத்தான். அவரு கை ரெண்டும் கும்பிட்ட மாதிரியே இருந்துச்சு. "உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன். பெரிய அருவிக்குப் போங்க. நல்லா இருக்கும்."

அவங்க திட்டினாங்க. ஒருத்தன் தொப்பியைக் கழட்டி அவரு காலடியில வீசிட்டான். அத்தான் அதைக் குனிஞ்சு எடுத்து, மண்ணைத் தட்டிட்டு, கையிலயே வச்சுக்கிட்டாரு. கடைசியில மீசைதான் அவங்களைப் பேசிப் பேசி வேன்ல ஏத்தினாரு.

இப்போ முதலாளிக்குப் பரம திருப்தி. கொஞ்சதூரத்துக்கு ஒருவழியா புத்தி வந்துடுச்சுங்கிறாரு. எல்லாரையும் பெரிய அருவிக்கே அனுப்புறாரு அத்தான். யார் படம் காட்டினாலும் பார்க்கிறதில்ல. அக்கா அந்தச் சட்டைங்களைத் திரும்ப அலமாரியில வச்சுட்டா. போன் மட்டும் இன்னும் குழாய் மேலதான்.

நேத்து ஒரு பொண்ணும் பையனும் வந்தாங்க, புதுசா கல்யாணம் ஆனவங்க. கூட்டமே இல்லாத இடம் வேணுமாம். அந்தப் பொண்ணு எழுந்து போய், சுவர்ல உப்பியிருந்த வரைபடத்துல விரலை வச்சா. ஏரிக்குப் பின்னாடி, சரியா அந்தப் பள்ளத்தாக்கோட பச்சை மேல.

"இங்க என்ன இருக்கு?"

நான் டிக்கெட்டுல இருந்து தலையை நிமிர்த்தல.

"ஒண்ணும் இல்லைங்க"ன்னாரு அத்தான். "ஏரியோட சரி. அதுக்கு அப்பால ஒண்ணுமே இல்ல."