சின்ன ராஜாவுக்கு ஒரு கேட் பாஸ்

போன வாரம் எதிர்வீட்டு ஸ்டீபன் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கறுத்துப்போன ஒரு வெண்கலக் காசு. ஓரமெல்லாம் பூவிதழ் மாதிரி வளைவு வளைவாக... நடுவில் ஒரு சின்னப் பையனின் முகம்.

ஸ்டீபனுக்குச் சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. இப்போது எங்களோடு படப்பைவாசி. ஒரகடம் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் சூப்பர்வைசர். வெண்கலத்தை உருக்கி, பம்புக்குள் தண்டு சுழலத் தாங்கி நிற்கும் ‘புஷ்’ வளையங்கள் வார்க்கிற கம்பெனி. பொழுதுபோக்கு? ஈராக்கில் மன்னராட்சி நடந்த காலத்து ஃபில்ஸ் காசு சேர்ப்பது! அதிலும் வெண்கலச் சில்லறை மட்டும்தான். வெள்ளிக்காசைக் கொடுத்தால்கூட சீந்த மாட்டார்.

அந்த நாட்டின் கடைசி ராஜா, விவரம் தெரியாத வயதிலேயே பட்டத்துக்கு வந்தவர். முதலில் வந்த காசுகளில் குழந்தை முகம். பிறகு வந்தவற்றில் வாலிப முகம். அப்புறம் புரட்சி... இளம் வயதிலேயே உயிர் போய்விட்டது. ஸ்டீபனிடம் வாலிப ராஜா நிறைய இருந்தார். குழந்தை ராஜாதான் இல்லை. அந்த முகத்துக்காகப் பல வருஷமாக அலைந்துகொண்டிருந்தார்.

கடைசியில் எங்கே கிடைத்தது தெரியுமா? அவர் கம்பெனிக்குள்ளேயே! வளைகுடாவிலிருந்து கண்டெய்னரில் வந்த பழைய வெண்கலத்தைப் பிரித்தபோது, உடைந்த வால்வுகளுக்கு நடுவே கிடந்திருக்கிறது. மறுநாள் காலை ஃபர்னஸுக்குப் போக வேண்டிய சரக்கு.

சாக்ஸுக்குள் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கேட்டேவிட்டேன்.

“இத்தினி வருசமா தேடிகினு கீறேன் சார். திருடி எடுத்தாந்தா ஆல்பத்த தொறக்கவே மனசு வராது.”

நேராக மேனேஜரிடம் போயிருக்கிறார். மேனேஜர் நல்லவர்தான் — ஆனால் டன் கணக்கில் வாங்கிய சரக்கில் ஒற்றைக் காசை எப்படி விற்பது? கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் ஒரு வழி சொன்னார். காலையில் உலை மூட்டுவதற்குள் எடைக்கு எடை வெண்கலம் கொண்டுவந்து போட்டால் கேட் பாஸ் தருவார். பித்தளை கூடாது, கலவை கெட்டுவிடும்.

ஸ்டீபன் வீட்டில் வெண்கலம் என்றால் ஒரே ஒரு பானை. மனைவி ஸ்டெல்லாவின் சீர். புருஷன் அடுப்படிப் பக்கம் ஒருமாதிரி பார்த்ததுமே, ஸ்டெல்லா பானையைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டாராம்.

மிச்சம் என்ன இருந்தது? அவருடைய ஆல்பம்தான்.

வாலிப ராஜாக்களில் இரண்டு பேரை உருவி எடுத்தார். இரண்டும் மூக்கு முழி தேயாத அழகான காசுகள். வேறு யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாம் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தவை. காலையில் தன் கையாலேயே உலையில் போட்டார். போடும்போது கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னார். அன்று மாலை கேட் பாஸில் ‘பழைய காசு — ஒன்று’ என்று எழுதி வாங்கி, செக்யூரிட்டியிடம் காட்டிவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே வந்திருக்கிறார்.

நாம் சேர்ப்பதெல்லாம் என்ன? நாளைக்கு விலை ஏறுமா என்று பார்த்து மனை வாங்குகிறோம், தங்கம் வாங்குகிறோம். இந்த மனிதர் ஒரு செல்லாக்காசை நேர்வழியில் வாங்குவதற்காக ஆசை ஆசையாய்ச் சேர்த்ததை நெருப்பில் போட்டிருக்கிறார். எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும்.

உருகிப்போன இரண்டையும் நினைத்தால் வருத்தமாக இல்லையா என்று கேட்டேன்.

“இல்லாம இன்னா சார்... ஆனா வீணாப் போவல. எங்கனா ஒரு பம்புல ஓடிகினுதான் இருப்பாங்க.”

அதுவும் சரிதான். பெரியவர்கள் இருவரையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, குழந்தையை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார்!