முதல் தீர்மானம்: கந்தகத் திரி

போன வாரம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் படுத்துவிட்டது. இராமநாதபுரத்து வெயில் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் தோசை மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு இறங்கி வந்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர் பேனா மாதிரி ஒரு கருவியைக் குழாய் நெடுகக் காட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் அது கீச்சுக் கீச்சென்று கத்தியது. "இங்கனதான் சார் லீக்கு" என்றார். நான் பழக்க தோஷத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஒரு காலத்தில் இப்படி மோப்பம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. இறால் வாங்க வெளியூர் வியாபாரிகள் வரத் தொடங்கியதும் மண்டபத்திலிருந்து இராமேஸ்வரம் வரை ஐஸ் ஃபாக்டரிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எல்லாம் அமோனியாவில் ஓடுகிற மெஷின்கள். பெரிய கசிவு என்றால் கண்ணே எரிந்து சொல்லிவிடும். சின்னக் கசிவுக்கு மூக்குதான் வேண்டும். அதை முதலிலேயே பிடிக்காவிட்டால் பெரிய கசிவாகும். உள்ளே நிற்கிறவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

முதலாளிகளுக்குள் ஆகாது. ஒரு ஃபாக்டரி மெக்கானிக் இன்னொரு ஃபாக்டரி வாசலை மிதிக்கக் கூடாது. வால்வு உடைந்தால் மதுரையிலிருந்து வரும்வரை காத்திருப்போம். அதே வால்வு பக்கத்து ஃபாக்டரி அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும், இங்கே மீன் நாறிக்கொண்டிருக்கும். இதைப் பொறுக்க மாட்டாமல் சங்கம் ஆரம்பித்தவர் முத்திருளாண்டி அண்ணன். அபிராமத்துப் பக்கத்து விவசாயக் குடும்பம். அதற்கு முன்பே மதுரை ஐஸ் ஃபாக்டரிகளில் பல வருஷம் இருந்து வந்தவர், எங்களில் மூத்தவர், கைராசிக்காரர். "மொதலாளிமாரு அடிச்சுக்கிறட்டும்ப்பா, நமக்குள்ள என்ன சண்ட?" என்று ஒவ்வொரு ஃபாக்டரிக்கும் சைக்கிளிலும் ரயிலிலும் போய் ஆள் சேர்த்தார். ஒன்பது பேர் சேர்ந்தோம். பலகையில் 'குளிர்பதனப் பொறியாளர் சங்கம்' என்று எழுதினோம். அதில் டிப்ளமோ படித்தவன் நான் ஒருத்தன்தான். வேலை தெரியாதவனும் நான் ஒருத்தன்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

பாம்பன் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலை கூடினோம். கீழே சீலா மீன் பொரிகிற வாசனையில் எனக்குக் கூட்ட நடவடிக்கைகளில் மனசே ஓடவில்லை. கீழக்கரைக்காரரான செய்யது பாய் எழுந்து, மெஷினுக்கு எண்ணெய் விடுகிறவனெல்லாம் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறான், அதனால் சங்கத்தில் சேர ஒரு பரீட்சை வேண்டும் என்றார். மூக்குப் பரீட்சை! எல்லோரும் கைதட்டினோம். உலகத்தில் வேறெந்தச் சங்கமாவது இப்படி ஒரு விதி போட்டிருக்குமா, சொல்லுங்கள். காகிதம் சுற்றிய நாலு பாட்டில்கள். ஒன்றில் மட்டும் கண் எரியாத அளவுக்குத் தண்ணீர் கலந்த அமோனியா. மற்றவற்றில் காடி, மண்ணெண்ணெய், வெறும் தண்ணீர். பாட்டில்களை நீட்டுகிற வேலை எனக்கு.

மூத்தவருக்கு மரியாதையாக அண்ணனைத்தான் முதலில் அழைத்தோம். அவர் தயங்கியதை அடக்கம் என்று நினைத்தோம். ஒவ்வொன்றாக மோந்தார். தண்ணீர் பாட்டிலைத் தூக்கி, "இதுதான் அமோனியா" என்றார்.

இருபது வருஷம் அமோனியா குடித்த மூக்கு செத்துப்போயிருந்தது. அப்படிப்பட்ட மெக்கானிக்கை எந்த முதலாளியும் ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார். அண்ணனுடைய மானாவாரி நிலத்தில் மழையில்லாமல் விளைச்சல் இல்லை. மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பாம்பன் ஃபாக்டரி சந்தியாகுதான் வாயைத் திறந்தார். "செயலாளரு பாட்டில மாத்திக் குடுத்துட்டாருல்ல! இவருகிட்டப் போயி இந்த வேலயக் குடுத்தா?" என்று என் மேல் பாய்ந்தார். நானும், "ஆமாண்ணே, மாறிப்போச்சு" என்று தலையைச் சொறிந்தேன். அதற்கு நடிப்பே தேவைப்படவில்லை. என்னைப் பற்றி அவர்களுக்கு இருந்த அபிப்பிராயம் அப்படி.

ஆனால் சந்தியாகு அதோடு விடவில்லை. "பரீட்ச கெடக்கட்டும். உள்ள நாலு பேரு உசுரு இருக்கு, பாய். சும்மா விட்டுற ஏலாது" என்றார். பாய் நாலு பாட்டில்களையும் எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "இனிமே ஒருத்தரும் மூக்க நம்பப்படாது. ஷிஃப்டுக்கு ஷிஃப்டு கந்தகத் திரியக் கொளுத்தி ஒவ்வொரு ஜாயிண்டுலயும் காட்டணும். எனக்கும் சேத்துத்தான் சொல்றேன்" என்றார். அமோனியா கசிகிற இடத்தில் கந்தகப் புகை பட்டால் வெள்ளையாகக் கிளம்பும். கண் இருந்தால் போதும். சங்கத்தின் முதல் தீர்மானமாக அதை எழுதினேன். பரீட்சை பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

திரும்பும்போது ஸ்டேஷனில் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ மாத்தலன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "போன ஐப்பசியில ஊருல ஒரு மழ பேஞ்சுச்சு. எல்லாரும் மண்ணு வாசம், மண்ணு வாசம்னாய்ங்க. நானும் ஆமான்னேன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரயில் வந்தது நல்லதாகப் போயிற்று.

பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. அண்ணன் கடைசிவரை வேலை பார்த்து, கையில் திரியோடுதான் ஓய்வு பெற்றார். சங்கத்தின் ஆண்டு விழா ஒன்றில், மெட்ராசிலிருந்து வந்த அதிகாரி எங்கள் முதல் தீர்மானத்தைத் தொலைநோக்கு என்று புகழ்ந்து தள்ளினார். நாங்கள் கைதட்டினோம். அண்ணன் மட்டும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஃபாக்டரிகள் இன்று இல்லை. பலகை என்ன ஆனதென்று தெரியாது. தீர்மானப் புத்தகம் கரையானுக்குப் போயிற்று. ஒன்பது பேரில் மிச்சம் நான்தான்.

ஃபிரிட்ஜை மூடிவிட்டுக் கிளம்பும்போது அந்த மெக்கானிக் சொன்னார்: "இந்தக் கேஸுக்கு வாசமே கிடையாது சார். எப்பேர்ப்பட்ட மூக்கு வந்தாலும் ஒண்ணும் தெரியாது."

எப்பேர்ப்பட்ட மூக்குக்கும் தெரியாதாம். இதை அண்ணனிடம் சொல்வதற்காகவே அன்றைக்கே அபிராமத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன். அங்கே கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.