வலப்பக்கம் தாழாத மெத்தை

பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ஆனால் கடைத்தெருவில் எல்லோரும் அவரை ‘அங்குலம்’ என்றே அழைத்தார்கள். மெத்தை தைத்து விற்பதும் பழைய மெத்தைகளைப் பிரித்துப் புதுப்பிப்பதும் அவர் தொழில். மூக்குக்கண்ணாடியை மறந்து வெளியே கிளம்பினாலும் கிளம்புவார். அளவு நாடாவை மறந்து கிளம்பமாட்டார். நோயாளியைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனால்கூடக் கட்டிலின் அகலத்தைக் கண்ணால் அளந்த பிறகே நலம் விசாரிப்பார். “ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. இவரு ஆத்தையே அளந்துட்டுத்தான் போடுவாரு” என்று எதிர்க்கடைப் பூட்டுக்காரர் கேலி செய்வதுண்டு. அப்படிப்பட்டவர், எல்லாவற்றையும் சரியாக அளந்தும் ஒரு முறை தவறினார். அந்தத் தவறுக்குப் பிறகு அவருடைய ஒரே தங்கை கடைப் படியை ஒருமுறைதான் மிதித்தாள்.

நடந்தது இதுதான்.

பழைய மெத்தை எதுவாயினும், அதைப் பிரிப்பதற்கு முன்பு அங்குலம் ஒரு வேலை செய்வார். மெத்தையைத் தரையில் விரித்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை நூலை இழுத்துக் கட்டுவார். பிறகு நூலுக்குக் கீழே அளவுகோலை நிறுத்தி, எந்த இடம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். ஆர்டர் நோட்டில் மெத்தையைச் சிறிய கட்டமாக வரைந்து, பள்ளங்களைப் பென்சிலால் தீட்டி, பக்கத்தில் அளவை எழுதுவார். பஞ்சை எங்கே கூட்டி அடைப்பது, எங்கே குறைப்பது என்பதற்கு அந்தப் படமே வழிகாட்டி. அந்த ஊரில் வேறு எந்த மெத்தைக்காரரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. “படுக்கிறது அவங்க. முதுகு வலிக்கிறது அவங்களுக்கு. உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பாடு?” என்று மனைவி கேட்டால், பள்ளம் பொய் சொல்லாது என்பார்.

சாலைக் கோடியில் குளிரூட்டிய பெரிய கடை ஒன்று திறந்த பிறகு, இந்தச் சிறிய கடையில் ஈ ஓட்டும் நாள்கள் மிகுந்தன. அப்போதுதான் மகள் ஒரு யோசனை சொன்னாள். பிறருடைய கடைகளுக்கு விளம்பரம் எழுதித் தரும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. அப்பாவின் கடைக்கு ஒரு வலைப்பூ தொடங்கித் தருவதாகச் சொன்னாள். வாரம் ஒரு பதிவு எழுதினால் போதும். அடியில் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். தேடுகிறவர்கள் தாமே வருவார்கள் என்றாள். அங்குலம் முதலில் மறுத்தார். விற்பனையாளன் வீடு வீடாகப் போய்க் கூவுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். கூவுவதல்ல, தெரிந்ததைச் சொல்வது என்று மகள் விளக்கினாள்.

முதல் மாதம் அவர் எழுதியவை நான்கு பதிவுகள். ‘எங்கள் கடையில் தரமான மெத்தைகள் கிடைக்கும்’ என்பதையே நான்கு விதமாக எழுதியிருந்தார். படித்தவர் மொத்தம் ஏழு பேர். அவர்களில் அறுவர் உறவினர். ஏழாமவர் பூட்டுக்காரர்.

மகள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, இதைப் படிச்சா எனக்கே உங்க கடைக்கு வரத் தோணாது. கடையில வர்றவங்ககிட்ட வாய் ஓயாம நூல், பள்ளம்னு பேசுவீங்களே, அதை எழுதுங்க. அந்த நோட்டுப் படத்தையும் போடுங்க.”

மறுவாரம், காலையில் எழுந்ததும் இடுப்பு பிடித்துக்கொள்கிறவர்கள் தங்கள் மெத்தையை வீட்டிலேயே ஆறு முழ நூலும் அளவுகோலும் கொண்டு சோதிப்பது எப்படி என்று எழுதினார். கூடவே மூன்று பள்ளப் படங்கள். ஒருவர் சுருண்டு படுப்பவர், ஒருவர் மெத்தை விளிம்பில் உட்கார்ந்தே செருப்பு மாட்டுகிறவர், ஒரு தாய் குழந்தையைச் சுவரோரம் கிடத்திவிட்டு நடுவில் படுப்பவள். பெயர் எதுவும் கிடையாது. பள்ளத்தை வைத்தே ஆளைச் சொல்லியிருந்தார். அந்தப் பதிவை அறுநூறு பேர் படித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு பெண்மணி, தம் வீட்டு மெத்தையின் படத்தைத் தாமே வரைந்து எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்.

பிறகென்ன, வியாழக்கிழமை தவறினாலும் பதிவு தவறாது என்றாயிற்று. அவர் நோட்டில் பென்சிலால் எழுதுவார். மகள் தட்டச்சு செய்வாள். பின்னூட்டம் எழுதியவர்களுக்கெல்லாம் மாலையில் உட்கார்ந்து ‘அன்புடையீர்’ என்று தொடங்கிப் பதில் தருவார். ஓராண்டுக்குள் உறை தைக்க இரண்டாவதாக ஒரு தையல்காரப் பெண்மணியையும் வேலைக்கு வைக்க வேண்டியதாயிற்று. பெரிய கடைக்குப் போனவர்கள்கூட, வாங்குவதற்கு முன்பு இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போனார்கள். மகள் மேலும் ஒரு சூட்சுமம் சொல்லிக் கொடுத்தாள்: எப்போதும் கடையைப் பற்றியே பேசக்கூடாது, நம் வீட்டைப் பற்றியும் இடையிடையே எழுதினால், படிக்கிறவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை வரும்.

இதை அவர் பென்சிலால் அடிக்கோடிட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

தங்கை பக்கத்து ஊரில் ஒரு நூலகத்தில் பணியாற்றி வந்தாள். தந்தை காலமான பிறகு அவளுக்கு வரன் பார்த்ததும், பேசி முடித்ததும், முன்னின்று நடத்தியதும் அங்குலந்தான். மாப்பிள்ளையின் உத்தியோகம், உயரம், வீட்டின் அறைகள், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடம் வரை விசாரித்தே சம்மதித்தார். திருமணத்துக்கு அவர் கொடுத்த பரிசு, தம் கையாலேயே தைத்த மெத்தை: ஆறடி நீளம், ஐந்தடி அகலம், நாற்பத்தெட்டு முடிச்சுகள். பதினோரு ஆண்டுகளாக அந்தத் தம்பதி எந்த உறவினர் வீட்டு விசேஷத்துக்கும் சேர்ந்தே வந்தார்கள், சேர்ந்தே புறப்பட்டார்கள். குழந்தை இல்லை என்ற ஒன்றைத் தவிர ஒரு குறையும் அவர் கண்ணில் பட்டதில்லை.

அந்த மெத்தையைத்தான் தங்கை ஒரு நாள் வண்டியில் ஏற்றி அனுப்பினாள். முதுகு வலிக்கிறது, புதுப் பஞ்சு போட்டால் போதும் என்று தொலைபேசியில் சொன்னாள்.

அங்குலம் நூலைக் கட்டினார். கால்மாட்டிலிருந்து பார்த்தால் இடப்பக்கம் இரண்டே முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. வலப்பக்கம் கால் அங்குலந்தான். முடிச்சு நூலின் நிறம்கூட அந்தப் பக்கம் மங்கவில்லை. அவருக்கு உள்ளம் குளிர்ந்தது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகும் தைத்த அன்று இருந்தபடியே நிற்கிறதென்றால், அது தைத்த கைக்குக் கிடைத்த பாராட்டு அல்லவா! இடப்பக்கம் தாழ்ந்ததற்குக் காரணமும் அவருக்கு உடனே புலப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெத்தையைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடச் சொல்லியிருந்தார். சொன்ன பேச்சைக் கேட்பவளா அவள்? சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வாரம் மகள் அலுவலகப் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தாள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டியிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். ஆனால் தாமே தட்டச்சு செய்து, தாமே படம் ஏற்றி, அவள் திரும்பி வரும்போது வியக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அரைநாள் உழைத்து ஏற்றியும்விட்டார். ‘இது என் தங்கை வீட்டு மெத்தை, அவளுடைய திருமணத்துக்கு நான் தைத்துக் கொடுத்தது’ என்று தொடங்கி, இடப்பக்க அளவு, வலப்பக்க அளவு, திருப்பிப் போடாத தங்கையின் சோம்பல், தம் தையலின் உறுதி என்று வரிசையாக எழுதியிருந்தார். படத்தில் இடப்பக்கம் கருகருவென்று தீட்டப்பட்டிருந்தது. வலப்பக்கம் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் மாலைக்குள் அந்தப் பதிவை நாலாயிரம் பேர் படித்துவிட்டார்கள். அவ்வளவு பேர் எந்தப் பதிவையும் படித்ததில்லை. மனைவியைக் கூப்பிட்டு எண்ணிக்கையைக் காட்டினார். அவள் எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தாள். பிறகு கீழே இருந்த பின்னூட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். பலர் சிரிப்புப் பொம்மைகளைப் போட்டிருந்தார்கள். ஒரு பெண் மட்டும், ‘ஐயா, உங்கள் தங்கையை ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தாள். அதற்கு அவர், ‘அன்புடையீர், தங்கை நலம்’ என்று பதிலும் எழுதியிருந்தார்.

“ஏங்க, வலப்பக்கம் யாருங்க படுக்கிறது?” என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

“மாப்பிள்ளைதான், வேற யாரு...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

மகளை அழைத்துப் பதிவை நீக்கச் சொன்னார். அவள் அங்கிருந்தே நீக்கிவிட்டாள். ஆனால் படத்தை ஏற்கெனவே பலர் எடுத்துப் பிறருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும், அதை யாராலும் நீக்க முடியாது என்றும் சொன்னாள். சிந்திய பாலை அள்ளினாலும் அள்ளலாம். ஊர் வாயை மூட எந்த உலைமூடியும் இதுவரை வார்க்கப்படவில்லை. மாப்பிள்ளையின் அலுவலகத்தில் யாரோ அந்தப் படத்தை அவரிடமே நீட்டி, ‘இது உங்க மச்சான் கடைதானே?’ என்று கேட்டிருக்கிறார்கள்.

தங்கைக்கு அவர் பலமுறை தொலைபேசியில் அழைத்தார். அவள் எடுக்கவில்லை. நேரில் போகத் துணிவு இல்லை. அடுத்த வாரம் அவளே கடைக்கு வந்தாள். தையல்காரப் பெண்மணிகள் இருவரும் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் பின்கட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் நாற்காலியில் உட்காராமல், சுருட்டி வைத்திருந்த உறைத்துணிமேல் உட்கார்ந்தாள். சிறுமியாக இருந்தபோதும் இந்தக் கடையில் அவள் உட்காரும் இடம் அதுதான்.

அங்குலம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் கையமர்த்தினாள்.

“நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்லண்ணா. அளவெல்லாம் சரிதான். கல்யாணமாகி ஆறு மாசத்துலயே அவரு முன்னறைக் கட்டிலுக்குப் போயிட்டாரு. சண்டை கிடையாது. பேச்சும் கிடையாது. வெளிய போறப்ப மட்டும் சேர்ந்து போவோம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா.”

“யார்கிட்ட? பார்த்துப் பார்த்து முடிச்சவன் நீ. சொன்னா நீ படுத்துத் தூங்குவியா? ஊருக்கெல்லாம் தெரிஞ்சாக்கூடப் பரவாயில்ல, உனக்குத் தெரியக்கூடாதுன்னுதாண்ணா பதினோரு வருஷம் இருந்தேன்.”

அவர் தலைகுனிந்து நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நூல் கட்டிப் பார்ப்பேன்னு தெரியும் இல்ல? தெரிஞ்சுமா அனுப்பினே?”

“தெரியும். உன் கண்ணுக்குப் பஞ்சு மட்டுந்தான் தெரியும்னு நம்பித்தான் அனுப்பினேன். நீயும் பஞ்சை மட்டுந்தான் பார்த்தே. மத்ததை மத்தவங்க பார்த்துட்டாங்க.”

அவள் சினந்து பேசியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அப்படிப் பேசவில்லை. மாப்பிள்ளை வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்பதையும், போகும்போது, ‘உங்க அண்ணன் கடைக்கு நான்தான் விளம்பரமா?’ என்று கேட்டார் என்பதையும், பேருந்து தாமதமானதைச் சொல்வதுபோல் சொன்னாள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வியாம் அது. நூலகத்தில் இப்போது அவளிடம் புத்தகம் வாங்க வருகிறவர்கள் தேதி முத்திரை போடும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றும் சொன்னாள்.

எழுந்து நின்று, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த தன் மெத்தையைப் பார்த்தாள்.

“இனிமே எனக்கு ரெண்டரையடி போதும். வெட்டிக் குடு.”

“மீதிப் பாதி?”

“அதுல நான் படுத்ததில்ல. நீயே வச்சுக்கோ.”

வெட்டினார். தையற்காரிகளிடம் தரவில்லை, ஓரத்தையும் தாமே மடித்துத் தைத்தார். அவளுடைய பாதிக்கு முற்றிலும் புதுப் பஞ்சு அடைத்து வண்டியில் அனுப்பினார். கிடைத்தது என்று அவள் அண்ணிக்குத்தான் தொலைபேசியில் சொன்னாள். இன்றும் நல்லது கெட்டதெல்லாம் அண்ணிக்கே வரும். அண்ணன் நலமா என்று கேட்பாள். தொலைபேசியை அவரிடம் கொடு என்று கேட்பதில்லை.

வலைப்பூவை மூடிவிடச் சொன்னார் அங்குலம். இரண்டு தையல்காரக் குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன என்று மகள் எடுத்துச் சொன்ன பிறகு விட்டுவிட்டார். இப்போது வெயிலில் எத்தனை மணி நேரம் காயவைப்பது, உறையை எப்படித் துவைப்பது என்பதோடு பதிவுகள் நின்றுவிடுகின்றன. படிப்பவர் தொகை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் நீக்கப்பட்ட அந்தப் பதிவு இன்னும் யார் யார் கைபேசியிலோ உலவுகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று பெண்கள் தாழ்ந்த குரலில் அழைத்து, இருவர் படுக்கும் மெத்தையை ஒருவருக்கு வெட்டித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். தருவேன் என்பார். நீளம், அகலம் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. நூல் கட்டுவதையும் விட்டுவிட்டார். நோட்டில் கட்டம் மட்டும் வரைவார்; உள்ளே எதையும் தீட்டுவதில்லை. அதனால் சில மெத்தைகள் முன்போல் அமைவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மீதிப் பாதி கடையின் பின்சுவரில் சாய்ந்து நிற்கிறது. சென்ற வாரம் ஒரு புதிய வாடிக்கையாளர் அதைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“இது என்னங்க, புதுசா?”

“இல்லீங்க. பதினோரு வருஷம் ஆச்சு.”

“நம்பவே முடியலையே. கொஞ்சங்கூட அமுங்கலையே. உங்க பிளாக்குல இதைப் பத்தி எழுதுங்க சார். இதைவிட என்ன விளம்பரம் வேணும் உங்களுக்கு?”

அங்குலம் அருகில் கிடந்த உறைத்துணி ஒன்றை எடுத்து அதன்மேல் போர்த்தினார். துணி ஒரு சாண் குறைந்தது, அளக்காமல் எடுத்துவிட்டார். வந்தவரின் கட்டில் நீளம் என்ன என்று கேட்டுக்கொண்டே, அந்த ஒரு சாண் தெரியும்படியே விட்டுவிட்டு முன்பக்கம் வந்தார்.