பாரின் கிட்டே நின்றுபோன கால்

சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால் செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்கு நழுவுகிறவள் நான். இதை எழுத உட்கார்ந்தும் பலமுறை எழுந்து மாடிப்படி ஏறி இறங்கிவிட்டேன். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் உயரம் தாண்டும் வீராங்கனை. முடிச்சூரில் வீடு. போன சீசனில் கணுக்கால் மடங்கி ஜவ்வு கிழிந்தது. காயம் ஆறிவிட்டது, இனி குதிக்கலாம் என்றார் டாக்டர். ஓட முடிந்தது. ஆனால் தாண்ட வேண்டிய குறுக்குக் கம்பியான பாரின் கிட்டே போனதும் கால் எழும்பவில்லை. ஒவ்வொரு முறையும் பாருக்கு அடியிலேயே ஓடிப்போய் மெத்தையில் விழுந்தேன். வலியே இல்லை, வெறும் பயம். தாம்பரத்தில் தினமும் பயிற்சிக்குப் போய், குதிக்காமலே திரும்பினேன். ராத்திரி படுத்தாலும் கால் துடிக்கும். ஆண்டவரே, என்னை ஏன் இப்படி அந்தரத்தில் விட்டீர் என்று அழுதேன்.

லெந்து என்னும் தவக்கால நாட்களில் எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தார் எனக்காக உபவாசம் இருந்தார்கள். அம்மா பள்ளி ஆசிரியை. உட்கார்ந்தால் சும்மா இராமல் காலாட்டும் என் பழக்கத்தைப் பார்த்தாலே அவருக்குக் கோபம் வரும்.

"குதிக்கறதுக்கு முன்னாடியாவது அசையாம நின்னு ஜெபம் பண்ணுடி. அப்பதான் பயம் போகும்" என்றார்.

தேசியப் போட்டிக்கான கடைசித் தேர்வு வந்தது. ஒருத்திக்குத்தான் இடம். கீழ் உயரங்களைக் குதிக்காமலே விட்டுவிட விதியில் இடம் உண்டு; நான் அப்படியே விட்டுவிட்டேன். மற்றவர்கள் அவற்றில் தோற்று வெளியேற, கடைசியில் நானும் ஊரப்பாக்கம் நஸ்ரினும் மட்டும் மிஞ்சினோம். சின்ன வயதில் ஒரே கோச்சிடம் பயின்றவர்கள் நாங்கள். அடுத்த உயரத்தை அவள் முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டாள். ஒரு உயரத்துக்கு மூன்று முயற்சி; முதலாவதில் நான் வழக்கம்போல பாருக்கு அடியில் ஓடினேன், முயற்சி வீண். சிவப்புக் கொடி.

இரண்டாவது முறை அம்மா சொன்னபடி கண்ணை மூடி, அசையாமல் நின்று ஜெபித்தேன். நின்றேன், நின்றேன். கண்ணைத் திறந்தபோது குதிக்கக் கொடுத்த நேரம் முடிந்து மறுபடியும் சிவப்புக் கொடி. ஜெபித்தே ஒரு வாய்ப்பைத் தொலைத்தவள் இந்தச் சாட்சிப் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மிச்சம் ஒரே வாய்ப்பு. தவறினால் நஸ்ரினுக்கு இடம், எனக்கு வீடு. அவள் என் பக்கத்தில் வந்தாள்.

"ஜெனி, நீ நின்னாதான் பயப்படற. வேண்டிக்கிறத ஓடிக்கிட்டே வேண்டிக்கோ. நான் கை தட்டறேன்" என்றாள்.

தட்டினாள். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, எங்கள் சபையில் பாட்டு சூடு பிடிக்கும்போது தட்டுவோமே, அப்படி. நான் ஓடினேன். இயேசப்பா, இயேசப்பா என்று மட்டும் சொன்னேன். கால் எழும்பியது. முதுகுக்குக் கீழே பார் ஆடக்கூட இல்லை. மெத்தையில் கிடந்தபடியே ஓவென்று அழுதேன்.

அடுத்த உயரத்தையும் தாண்டினேன். நஸ்ரின் இரண்டு முறை பாரைத் தட்டி விழவைத்துவிட்டாள். அவளுடைய கடைசி முயற்சிக்கு நான் கை தட்டினேன். அவள் தாண்ட வேண்டும் என்று கேட்பதா, கூடாது என்று கேட்பதா என்று தெரியவில்லை. கை மட்டும் தட்டியது. பார் விழுந்தது. அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

பயத்தை எடுத்துப்போடும் என்றுதான் கேட்டேன். கர்த்தர் என்னோடு போட்டியிட்டவளையே அனுப்பினார். இப்போதும் என்னால் அசையாமல் ஜெபிக்க முடியாது. நடந்துகொண்டே, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே ஜெபிக்கிறேன். அம்மாவும் திட்டுவதை விட்டுவிட்டார். மனம் ஒரு இடத்தில் நிற்காதவர்களே, அப்படியே அவரிடம் போங்கள். அமைதியான பிறகு வருகிறேன் என்று காத்திருக்காதீர்கள்.

நஸ்ரினுக்கு இன்னொரு தேர்வுப் போட்டி வருகிறது. எனக்காக உபவாசம் இருந்த அக்காமார்களே, இந்த முறை ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லுங்கள். கை தட்ட நான் போகிறேன்.