அடுத்த அளவு பூட்ஸ்

என் மகள் நெதர்லாந்தில் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாசமாக இருப்பதைச் சொன்னதும், நின்று செய்யும் வேலையிலிருந்து தன்னை மாற்றிவிட்டார்கள், படுத்து ஓய்வெடுக்க ஓர் அறையும் காட்டினார்கள் என்று போன வாரம் ஃபோனில் சொன்னாள்.

“நான் கேக்கவே இல்லப்பா. இங்க சட்டமே அப்படித்தான்.”

என் மனைவி ஸ்தோத்திரம் சொன்னாள். நான் மாடிக்குப் போய்விட்டேன். அப்படி ஒரு விதியைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்.

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி செய்யும் ஆலையில் மேலாளராக இருந்தேன். சரக்கு ஐரோப்பாவுக்குப் போனதால் அங்கே வாங்குபவர்கள் கேட்ட விதிகளும் எங்களிடம் வந்தன. கர்ப்பிணிகளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எங்கள் பெண்களோ குளிரில், ஈரத் தரையில், நாள் முழுக்க நின்றபடி இறால் உரித்தார்கள். ஒரு மேசையைத் தாழ்த்தி நாலு முக்காலி போட்டிருந்தால் போதும். உட்கார்ந்தால் கை வேகம் குறையும் என்றார் முதலாளி. நான் மறுத்துப் பேசவில்லை.

அதற்குப் பதிலாக, வாங்குபவர்கள் அனுப்பும் ஆய்வாளர் வரும் நாளில் மாசமாக இருக்கும் பெண்களை வேனில் ஏற்றி, கடற்கரையில் மாதா கோயில் நிழலில் கொண்டுபோய் விடச் செய்தேன். மறுநாள் அவர்கள் பழையபடி நின்றார்கள்.

அவர்களில் ஒருத்திக்குக் கால் வீங்கி ரப்பர் பூட்ஸுக்குள் நுழையவில்லை. பக்கவாட்டில் பிளேடால் கீறி மாட்டியிருந்தாள். கீறிய பூட்ஸ் ஆய்வாளர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று கடிந்துகொண்டு, அடுத்த அளவு பூட்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அதைப் பெரிய உதவியாகவும் நினைத்துக்கொண்டேன்.

நேற்று அவள் வீட்டைத் தேடிப் போனேன். இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். வாசலில் நின்றபடியே, மகள் ஃபோனில் சொன்னதில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களை ஓய்வுக்கு அனுப்பவில்லை, ஒளித்துத்தான் வைத்தேன் என்றும் சொன்னேன்.

“அது அப்பமே தெரியும் சார். ‘ஏளா, வெள்ளக்காரன் வாரான், உங்களுக்குச் சுற்றுலா’ன்னு டிரைவர் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”

தன் பாதங்களைப் பார்த்தபடி தொடர்ந்தாள்.

“ஆனா அன்னைக்குத்தான் காலை நீட்டி உக்காந்தேன். மூத்தவன் வயித்துல அசையுதது அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. அது வரைக்கும் ஒண்ணுமே தெரியல, பயந்துகிட்டே நின்னேன்.”

ஒரு நாளுக்குப் பதில் எல்லா நாளும் அவளை உட்கார வைத்திருக்கலாம். அதை அவள் சொல்லவில்லை.

மகளுக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தாள். ஐந்து என்றேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து, முந்தானையால் துடைத்துப் போட்டாள்.

“உக்காருங்க சார். எவ்வளவு நேரமா நின்னுக்கிட்டே பேசுதிய.”