நாலாவது ஸ்டேஷனில் சிவப்பு விளக்கு

எனக்குக் கோபம் சட்டென்று வரும். நெல்லைப் பக்கத்திலிருந்து ஒரகடம் வந்து, ஸ்ரீபெரும்புதூரில் ஹாஸ்டல் பிடித்து, வேலைக்குச் சேர்ந்த வேகத்தில் 'மொளகாப்பொடி' என்று பெயர் வாங்கிவிட்டேன். வைத்தவர்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், அவ்வளவு பொருத்தம்.

எங்கள் லைனில் பைக்கின் சைடு ஸ்டாண்டு சென்சார் தயாராகிறது. ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் வண்டி அணைந்துபோகிறதே, அது இதன் வேலைதான். உள்ளே காந்தத்தை உணரும் ஒரு சிப், மிளகு அளவுக்கு இருக்கும். டெஸ்ட் ஸ்டேஷனில் சென்சாரை ஜிக் என்கிற அச்சில் வைத்து மூடினால், ஸ்பிரிங் ஊசிகள் சிப்பின் கால்களைத் தொட்டு கரண்ட் கொடுக்கும். ஒரு காந்தம் பக்கத்தில் வந்து போகும். சிப் சரியாகப் பதில் சொன்னால் பச்சை விளக்கு, சொல்லாவிட்டால் சிவப்பு. அந்த ஜிக்குகளைப் பழுதுபார்ப்பது என் பொறுப்பு.

ஆயுத பூஜை முடிந்து லைன் ஓடத் தொடங்கியதும் நாலாவது ஸ்டேஷனில் மட்டும் சிவப்பு எரிய ஆரம்பித்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் பக்கத்து ஊரான சேரப்பணஞ்சேரியிலிருந்து வருகிற அக்கா. காண்ட்ராக்ட் ஆள். மாதக் கடைசியில் யார் தொடர வேண்டும், யார் போக வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லியாக வேண்டும். அக்காவின் வீட்டுக்காரர் லாரி ஷெட் வேலை போய் வீட்டில் இருந்தார். அக்கா சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

"நான் இன்னா பண்ணேன் சொல்லு. வச்சேன், மூடுனேன். செவப்பு எரியுது," என்றார் அக்கா.

பவர் சப்ளையைப் பார்த்தேன். ஐந்து வோல்ட் காட்டியது. ஒயரை மாற்றினேன், காந்தத்தை மாற்றினேன். பச்சை வரும், அடுத்தது சிவப்பு, மறுபடி பச்சை. சூப்பர்வைசர் சிவப்பு வாங்கிய சென்சார்களை அள்ளிப் பக்கத்து ஸ்டேஷனில் வைத்துப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"பாத்தியாம்மா? பீஸ் நல்லாத்தான் கீது. மெஷினும் நீ பாத்துட்ட. கைதான் சரியில்ல. நான் இன்னா பண்றது, ஆள மாத்த வேண்டியதுதான்."

"கை சரியில்லன்னு எப்படி சார் சொல்லுதீய? கைக்கு வோல்ட் பாத்தீயளா?" என்று கத்திவிட்டேன். லைனே திரும்பிப் பார்த்தது. அவர் நல்ல மனுஷன், திட்டவில்லை. சாயங்காலம் வரை டைம் கொடுத்தார்.

கத்தியது நல்லதாகப் போயிற்று. வோல்ட் என்று நானே சொன்ன பிறகுதான் அந்தச் சிப்பின் குணம் ஞாபகம் வந்தது. கரண்ட் கொடுத்த உடனே அது வாய் திறக்காது. வோல்டேஜ் போதுமான அளவு ஏறட்டும் என்று காத்திருக்கும். ஏறிய பிறகு நடுவில் குறைந்தாலும் அவுட்புட்டை மூடிக்கொள்ளும், காந்தம் பக்கத்திலேயே நின்றாலும் சரி. அரைகுறை கரண்டில் தப்பாகச் சொல்லி வண்டியை நடுரோட்டில் நிறுத்தக் கூடாதே. நான் இத்தனை நேரம் அளந்தது சப்ளையில். சிப்பின் காலில் அளக்கவே இல்லை!

அங்கே அளந்தேன். சிப் விழித்துக் கரண்ட் இழுக்கிற நொடியில் வோல்டேஜ் தொப்பென்று விழுந்தது. ஊசிக்கும் காலுக்கும் நடுவில் எதுவோ தின்கிறது. லென்ஸை வைத்துப் பார்த்தால் ஊசி முனையில் காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம்.

பூஜை அன்று எங்கள் ஆட்கள் கையில் சந்தனக் கிண்ணம் கிடைத்தால் ஸ்க்ரூடிரைவர், பிரிண்டர், ஃபேன் சுவிட்ச் எதுவும் தப்பாது. அந்த ஊசிக்கும் யாரோ தாராளமாக வைத்திருக்கிறார்கள். வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். அந்த ஜிக்கை நானே எத்தனை தடவை திறந்திருப்பேன்! பொட்டு கண்ணில் பட்டும் படவில்லை. அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையில் ஓரமாக நின்று பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டதோடு சரி.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்தேன். சூப்பர்வைசர் பதறினார். "யம்மா, சாமிப் பொட்டும்மா!"

"சாமி கோவிச்சா என்கிட்ட வரச் சொல்லுங்க சார்."

நான் துடைக்கத் துடைக்க அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் பிறகு வைத்ததெல்லாம் பச்சை. நான் கேட்பதற்கு முன்பே அவர் அக்காவிடம் போய், "நீ இங்கயே இரும்மா, நான் சொல்லிடறேன்," என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

டீ நேரத்தில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஊசியத்தான நாள் பூரா பாத்துக்கிட்டு இருந்தீய? குங்குமம் தெரியலயா?"

"தெர்ஞ்சுது. அதாலதான் இருக்குமோன்னு டவுட்டும் வந்துச்சு."

"பொறவு ஏன்க்கா தொடைக்கல? வேலையே போயிருக்குமே!"

அக்கா டீயைக் குடித்து முடித்தார்.

"நீ தொடச்சா ரிப்பேரு. நான் தொடச்சிருந்தா?"

நான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துக்கொண்டு மிச்ச ஜிக்குகளையும் திறந்து பார்க்கப் போனேன்.