ஒரே ஊர்க்காரர்கள்

சிதம்பரத்தில் நான் பி.இ. சேர்ந்தது 2008-ல். ராகிங் கூடாது என்று பல்கலைக்கழகச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பதிலாக எங்கள் துறையில் ஒரு வரவேற்பு வாரம் வைத்தார்கள். தினமும் மத்தியானத்துக்கு மேல் விளையாட்டு, பாட்டு. கடைசி நாள் ஆளாளுக்கு ஒரு பட்டம். புதுப் பிள்ளைகளுக்குக் கூச்சம் போக வேண்டுமாம், ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். அந்த வாரத்தை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். ராகிங் என்றால் எதிரில் நிற்பவன் எதிரி என்றாவது தெரியும். இது கைதட்டிக்கொண்டே வந்தது.

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி, வீராணம் ஏரிப் பக்கம். ஊர் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். நாங்கள் இருந்தது காலனி. ஊருக்கும் காலனிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அப்பா கரன்ட் ஆபீசில் லைன்மேன். அவருக்கு வேலை நிரந்தரமாகும் வரைக்கும் அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போனாள். சித்தி, அம்மாவின் தங்கை, அப்போதும் போய்க்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட லீவில் நானும் அவர்கள் பின்னால் போயிருக்கிறேன்.

வியாழக்கிழமை தொடங்கிய வரவேற்பு வாரத்தின் இரண்டாம் நாள், பெரிய ஹாலின் தரையில் சாக்பீசால் மாவட்டத்தையே வரைந்திருந்தார்கள். கடலூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் என்று வட்டம் வட்டமாக. அவரவர் ஊர் வட்டத்தில் போய் நிற்க வேண்டும். மைக் பிடித்தவன் மூன்றாம் வருஷம் படித்த ஒரு சீனியர், கடலூர்க்காரன். அவன் குரலை அவனே கேட்டு ரசிக்கிற ஆள்.

நான் காட்டுமன்னார்கோயில் வட்டத்தில் நின்றேன். பக்கத்தில் ஒருத்தன் வந்து நின்றான். சித்தி யார் நிலத்தில் வேலை செய்தாளோ அந்த வீட்டுப் பையன். சின்ன வயதிலிருந்து அவனை எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போனான், நான் நடந்து கவர்மென்ட் ஸ்கூல் போனேன். கவுன்சிலிங் இரண்டு பேரையும் ஒரே வகுப்பில் கொண்டுவந்து போட்டிருந்தது.

"ஒரே ஊரா? சூப்பர்!" என்றான் சீனியர். "அப்ப இந்த கேம் உங்களுக்கு ரொம்ப ஈஸி. இந்தப் பொண்ணு வீட்டப் பத்தி தம்பி சொல்லணும், தம்பி வீட்டப் பத்தி இவங்க சொல்லணும். யாருக்கு ஜாஸ்தி தெரியுதோ அவங்களுக்குச் சாக்லேட்."

முதலில் அவனைக் கேட்டான். "இவங்க அப்பா என்னா வேல பாக்குறாரு?"

"தெரியாதுண்ணா."

"கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?"

"தெரியாது."

"என்னா தம்பி, ஒரே ஊருன்ற. வீடு எங்க இருக்குன்னாச்சும் தெரியுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதுவரை ஹாலில் கேட்ட சிரிப்பு இல்லை அது. எங்கள் மாவட்டத்தில் 'அந்தாண்ட' என்றால் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த லெக்சரர் மேடம் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். சாக்பீஸ் வட்டத்துக்குள் நின்ற எனக்குக் காது சுட்டது.

மைக் என்னிடம் வந்தது. எனக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வந்த கோபத்துக்கு அது போதாது.

"அவங்க அப்பா நெல்லும் உளுந்தும் போடுறாரு," என்றேன். "வீட்டுக்குப் பின்னாடி மாட்டுக்கொட்டா. செவல மாடு ஒதைக்கும், ஆம்பள போனாதான் கறக்க விடும். கெணத்துகிட்ட ஒரு பலா மரம், காய்க்கும், ஆனா இனிக்காது. அவங்க அம்மாவுக்கு முட்டி வலி. பின்வாசப்படியில குந்திக்கினு தைலம் தேச்சிக்குவாங்க. இவன் சின்னதுல பீர்க்கங்கா கொழம்பு வெச்சா அழுவான். அந்த சத்தம் கொட்டா வரைக்கும் கேக்கும்."

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. "மச்சான், உன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிடுச்சுடா!" என்று ஒருத்தன் கத்தினான். என் பக்கத்தில் நின்றவன் முகம் கறுத்துப் போயிருந்தது.

சீனியருக்கு ஒரே குஷி. "லாஸ்ட் கொஸ்டின்! அவங்க வீட்டு ஹால்ல டிவி எந்தப் பக்கம் இருக்கு?"

"தெரியாது."

"பீர்க்கங்கா வரைக்கும் தெரியுது, இது தெரியாதா?"

"ஹாலுக்குள்ள போனதில்ல. எங்கள பின்பக்கம்தான் விடுவாங்க. தண்ணி கேட்டாக்கூட கொட்டாயில வெச்சிதான் ஊத்துவாங்க."

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. வராண்டாவில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சீனியர் மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "ஓகே, ஓகே, அடுத்து நெல்லிக்குப்பம் டீம் வாங்க!" என்று கத்தினான். சாக்லேட்டை யாரும் கொடுக்கவில்லை.

சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் டவுன் பஸ் கிளம்பக் காத்திருந்தபோது அவன் என்னிடம் வந்தான். அவன் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"எங்க வீட்டு விஷயத்தெல்லாம் எதுக்கு மைக்ல சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"நான் சொன்னனா? நீ காலனின்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சொல்லாம மறச்சேன் பாரு."

"மறைக்கச் சொல்லி நான் உன்னக் கேட்டனா?"

"நல்லது செஞ்சா திமிர பாரு," என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் பஸ்ஸில் ஏறினான். நான் காலனியில் பிறந்தது அவமானமாம், அதை வெளியே சொல்லாமல் விட்டது அவன் போட்ட பிச்சையாம். வழி நெடுக எனக்கு அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தோம். அவனுடைய அப்பா மோட்டார் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தார். வண்டியை நிறுத்தினார், இறங்கவில்லை.

"ஏம்ப்பா லைன்மேனு, பொண்ண காலேஜுக்கு அனுப்புனியா, எங்க வீட்டுக் கதைய ஊரெல்லாம் சொல்ல அனுப்புனியா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். "கேள்வி கேட்டாங்க, பதில் சொல்லிச்சு. அது சொன்னதுல எதனா பொய் இருக்கா?"

"பொய்யின்னு யாரு சொன்னா?"

"அப்பறம் என்னா?"

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். "நாளையிலேர்ந்து ஒன் கொழுந்தியாள அனுப்பாத," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சித்தி வீட்டுக்குள்தான் இருந்தாள். வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"உனுக்கு என்னாடி, மாசமானா ஒங்கப்பன் சம்பளம் வாங்கியாந்துருவான். நான் எங்கடி போவேன்? நடவு நேரத்துல என் வயித்துல அடிச்சிட்டியேடி!"

"அவங்க ஊத்துற தண்ணிய கொட்டாயில நின்னு குடிக்கிறதுக்கு, போகாமலே இருக்கலாம்," என்றேன்.

சித்தி கையை ஓங்கிவிட்டாள். அம்மா நடுவில் வந்தாள். அடி விழவில்லை, ஆனால் அன்றிலிருந்து மாசக்கணக்கில் சித்தி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மேலும் எனக்குக் கோபம்தான். எல்லார் மேலும் கோபமாக இருந்த காலம் அது.

திங்கட்கிழமை லெக்சரர் மேடம் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்.

"நல்லா போய்க்கிட்டிருந்த கேம், உன்னால கெட்டுப்போச்சு. இதெல்லாம் ஸ்போர்டிவா எடுத்துக்கணும்மா."

"எத மேடம் ஸ்போர்டிவா எடுத்துக்கணும்?"

"பாத்தியா, இந்தப் பேச்சுதான் வேணாங்கறேன். எல்லாரும் சந்தோஷமா இருக்கணும்னுதான இவ்ளோ கஷ்டப்படுறாங்க? மத்த கேம்லயாச்சும் சிரிச்ச மொகமா கலந்துக்க."

நான் கலந்துகொள்ளவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பலூன் உடைத்தார்கள், நாற்காலியைச் சுற்றி ஓடினார்கள். நான் கடைசி வரிசையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகைப் பதிவு எடுத்தார்களே, இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

கடைசி நாள் பட்டம் கொடுத்தார்கள். ஒருத்திக்கு மிஸ் புன்னகை, ஒருத்தனுக்கு மிஸ்டர் தூக்கம். என் முறை வந்தபோது சீனியர், "மிஸ் சிடுமூஞ்சி!" என்றான். ஹால் அதிர்ந்தது. மேடைக்குப் போனேன். பேப்பரில் எழுதி ரிப்பன் கோத்திருந்ததைக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

"ஒரே ஒரு சிரிப்பு. அப்பதான் கீழ விடுவோம். என்னா ஃப்ரெண்ட்ஸ்?"

"ஆமா!" என்று கத்தினார்கள். யாரோ தாளம் போட்டார்கள். சிரி, சிரி, சிரி.

நான் நின்றேன். யார் முகத்தையும் பார்க்காமல், எதிர்ச் சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாளம் பலமானது. பிறகு அங்கங்கே விட்டுப்போனது. சீனியர் ஜோக் சொல்லிப் பார்த்தான், குரங்கு மாதிரி நடந்து காட்டினான். கடைசியில், "ப்ளீஸ்மா, டைம் ஆவுது," என்று மைக்கை மறைத்துக்கொண்டு கெஞ்சினான். தாளமும் நின்று, ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. "விடுங்கப்பா அந்தப் பொண்ண," என்றார் மேடம், எரிச்சலோடு. நான் ரிப்பனைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு இறங்கினேன்.

கடைசி வரிசையில், கடலூர் முதுநகரிலிருந்து வந்த ஒரு பெண் நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து இடம் விட்டாள். மீனவர் வீட்டுப் பெண். அந்த வாரம் முழுக்க அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"குந்து. கால் வலிக்கலையா ஒனக்கு?"

"வலிக்குது."

"விட்டா நாளைக்கும் நின்னுருப்ப போலக்கீது," என்றாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து நடுவில் வைத்தாள். மத்தியானம் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த நெத்திலி வறுவல். இரண்டு பேரும் சாப்பிட்டோம். மேடையில் அடுத்த பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று நாங்கள் பார்க்கவில்லை.

நாலு வருஷமும் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். சித்திக்குக் காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் வேலை கிடைத்தது. அந்த வருஷக் கிறிஸ்மஸ் அன்றைக்கு ஒரு தூக்குப் பாத்திரத்தில் கறிக்குழம்பு கொண்டுவந்து, "அவகிட்ட குடு," என்று அம்மாவிடம் நீட்டினாள். அவ்வளவுதான் சமாதானம்.

அந்தப் பையனும் நானும் 2012-ல் ஒரே நாளில் படிப்பை முடித்தோம். மூன்றாம் வருஷம் லேபில் எங்களை ஒரே பேட்சில் போட்டார்கள். அவன் மீட்டரைப் பார்த்து ரீடிங் சொல்வான், நான் எழுதிக்கொள்வேன். அதற்கு மேல் அவனும் பேசவில்லை. எனக்கும் பேச ஒன்றுமில்லை.